நாலு பேரின் பெயர்கள்

"யாரு சொல்றா?" என்பதுதான் அவர் அதிகம் பேசிய வாக்கியம். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவரிடம் போய், "அக்கா, இந்த வரிசையில திருட்டு நடக்குதுன்னு சொல்றாங்க" என்றால், எந்த வீட்டில், என்ன போனது என்று கேட்க மாட்டார். "யாரு சொல்றா? பேரு சொல்லு" என்பார். பெயர் வராது. "பாத்தியா, பேரு இல்ல. அப்ப திருடனும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விடுவார். ஒருமுறை உண்மையிலேயே திருட்டு நடந்தது. அவர் வீட்டு கேஸ் சிலிண்டர்தான் போனது. அப்போதும் அவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. "இப்ப நான் சொல்றேன். சொல்ற ஆளுக்குப் பேரு இருக்கு, நம்பலாம்" என்றார்.

நம் மொழியில் ஒரு வசதி உண்டு. சொல்றாங்க, சிரிக்கிறாங்க, நினைப்பாங்க என்று எழுவாயே இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்பதுபோல் தோன்றும். எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. நம் வீடுகளில் எத்தனையோ பெண்களின் படிப்பும் வேலையும் திருமணமும் இந்த ஆளில்லாத பன்மையால் தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பன்மையை ஒருமையாக்கி, முகம் கொடுத்து, முடிந்தால் கைப்பேசி எண்ணும் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

பெயர் கேட்டே வாழ்ந்த அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் இப்போது கிள்ளானில் இல்லை; மகன் வேலை செய்யும் வடக்கு ஊருக்குப் போய்விட்டார். பழைய எண்ணும் இயங்கவில்லை. கேட்காமல் எழுதுவது முறையாகாது.

அவர் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிள்ளானை அடுத்த மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த, நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி அவரிடம் படித்தார். மேம்பாலத்து ஏற்றத்தில் சிவப்பு விளக்கு. பச்சை விழுந்ததும் அந்தப் பெண்மணிக்கு எஞ்சின் நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம். "அக்கா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நம் அக்கா கை பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டி, நீங்கள் சிரித்தீர்களா என்று அதிலிருந்த மலாய்க்காரரிடம் மலாயிலேயே விசாரித்தார். அவர் பதறிப்போய், இல்லவே இல்லை என்றார். அதற்கும் பின்னால் ஒரு லோரி. அங்கேயும் போய்க் கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்:

"ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். நமக்குப் பின்னால நிக்கிறவரு சிரிக்கல. லோரிக்காரரு சிரிச்சாரு, ஆனா அவரு பொண்டாட்டிகூட போன்ல பேசிச் சிரிச்சிருக்காரு. உன் கேஸ் இல்ல. கிளட்ச்ச மெதுவா விடு."

இந்தச் சம்பவத்தை எனக்குச் சொன்னது அந்தப் பெண்மணியேதான். முதல் தேர்விலேயே தேறிவிட்டார்.

நான் அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய உதவி மையத்தில் வேலை செய்தேன். சம்பளம் நின்றுபோனவர்கள், பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் அங்கே வருவார்கள். அவர்களுக்கு மனு எழுதுவது என் பணி. பல மனுக்களில் பெயர் போட மாட்டோம். பெயர் வெளியே போனால் அந்த ஆளுக்கு வேலை போகும். சில சமயம் அடியும் விழும். ஆகவே அக்காவின் பழக்கத்தில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். எப்போதும் பெயரைக் கேட்பது பலவீனமானவர்களை இன்னும் அச்சுறுத்தும் அல்லவா என்று.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். என்னை அவர் 'யூனிவர்சிட்டி' என்றுதான் கூப்பிடுவார்.

"யூனிவர்சிட்டி, பயந்தவங்க பேரை நீ மறைச்சு வை. அது நல்ல வேலை. பயமுறுத்துறவன் பேரையும் சேத்து ஏன் மறைக்கிற?"

 நியாயமான கருத்து என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். ஒரு கருத்தைக் குறித்துக்கொள்வதும் அதன்படி நடப்பதும் வெவ்வேறு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது: வெண்ணெய் நிறம், உருண்ட முதுகு, வட்டக் கண்கள். முன் கதவுகளில் கண்ணாடிக்கு முன்னால் தனியே திறந்து மூடும் முக்கோணக் கண்ணாடிகள் உண்டு. அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த கார் அது. அவருடைய கணவர் அதைப் பழுதான நிலையில் வாங்கி, பல ஆண்டுகள் செலவழித்து ஓட வைத்தார். வார இறுதிகளில் மாலையும் ரிப்பனும் கட்டிக் கல்யாணக் காராக அவரே ஓட்டினார். எங்கள் பகுதியில் அது 'துரை கார்' என்று பெயர் வாங்கியிருந்தது. கேரி தீவுத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தார், அந்தத் துரைக்குக் கூலிவேலை செய்தவர்களின் பேத்திகள் இன்று அதில் மணப்பெண்ணாகப் போகிறார்கள் என்று ஒரு கதை. எனக்கு அந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது. மையத்தின் கூட்டம் ஒன்றில்கூட அதைச் சொல்லிப் பேசியிருக்கிறேன்.

"துரை காருன்னு யாரு சொன்னா?" என்றார் அக்கா. "கிராண்ட்ல பேரு இருக்குலா. ஈப்போவுல ஒரு சீன பல் டாக்டரு. எல்லாருக்கும் துரை வேணும். பல் டாக்டரு யாருக்கும் வேணாம்."

காரின் பதிவுச் சீட்டைத்தான் இங்கே கிராண்ட் என்போம். அதை எடுத்துவந்து காட்டவும் செய்தார். கூட்டத்தில் பேசியதை நினைத்து எனக்கு முகம் சூடானது.

அவருடைய கணவர் திடீரென்று இறந்தார். கருமக்கிரியை முடிந்த வாரமே, ஏற்கெனவே காரைப் பதிவு செய்திருந்த திருமண வீட்டாரை அக்கா வரிசையாகத் தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தேன். எல்லோரிடமும் ஒரே வாசகம்: "என் வீட்டுக்காரர் தவறிட்டாரு. இனிமே கல்யாணக் காரை நான்தான் ஓட்டுறேன். நான் விதவை. சம்மதம்னா சொல்லுங்க."

"அக்கா, கார் நீங்க ஓட்டுறீங்கன்னு மட்டும் சொன்னா போதாதா? விதவைன்னு எதுக்கு நீங்களே சொல்லணும்? யாரும் கேக்கலையே" என்றேன்.

"கேக்க மாட்டாங்க. கோயில் வாசல்ல வெச்சு கிசுகிசுப்பாங்க. அப்ப நான் பொண்ண வெச்சுக்கிட்டு யார்கிட்ட போய்ப் பேரு கேக்குறது? இப்பவே முடிஞ்சிடட்டும்."

எதிர்முனையிலிருந்து வந்த பதில்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எங்களுக்கு ஒன்றும் இல்லை, பெரியவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. "எந்தப் பெரியவங்க?" என்று இவர் கேட்பார். லைன் அறுந்துவிடும். பாதிப் பேர் விலகினார்கள். மீதிப் பேருடைய மணப்பெண்களை அவர் ஓட்டிக்கொண்டு போனார். அளவான வேகத்தில், குழிகளை மனப்பாடமாகத் தெரிந்து, பூ கலையாமல் கொண்டுபோய் இறக்கினார்.

சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. அந்தக் காரில் குளிர்சாதனம் கிடையாது. அந்தச் சிறிய எஞ்சினால் அதைச் சுமக்கவும் முடியாது. கண்ணாடியை இறக்கினால் துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லோரிகளின் புழுதி பட்டுச்சேலையில் படியும். ஏற்றினால் வெயில் பின் கண்ணாடி வழியாக நேராகப் பிடரியில் இறங்கும். ஒரு மணப்பெண் பாலத்து நெரிசலில் சிக்கி, ஒப்பனை வழிந்து, கோயில் வாசலில் தலை சுற்றி அக்காவின் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். அன்று மாலையே அவர் முடிவெடுத்தார். எல்லாக் கண்ணாடிகளுக்கும் வெப்பத்தைத் தடுக்கும் படலம் ஒட்ட வேண்டும். எங்கள் ஊர் வழக்கில் 'டிண்டெட்' போட வேண்டும்.

பழைய கார் வைத்திருப்போர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். டிண்டெட் ஒட்டினால் காரின் அசல் தன்மை போய்விடும் என்று சொல்கிறார்கள், கண்காட்சியில் மதிப்பெண் குறையும் என்றார்.

"யாரு சொல்றா?"

"நான்தான் சொல்றேன் சிஸ்டர்."

"ஓ, அப்ப சரி. பேரு இருக்கு. உங்ககிட்ட பதில் சொல்லலாம்" என்று அவருக்கு நாற்காலி போட்டார். "கார் பரிட்சை எழுதல அங்கிள். உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. அவ வேகுறா."

அவர் தேநீர் குடித்துவிட்டு, முன் கண்ணாடிக்கு மட்டுமாவது ஒட்டாதீர்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமானது. அப்பா பேச்சுவார்த்தை என்றாலே பின்வாங்குபவர். ஆகவே மாப்பிள்ளை வீட்டாருடன் பேசுவது என் பொறுப்பானது. தங்கை சிறுமியாக இருந்தபோதே அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று சொல்லியிருந்தாள். அக்காவும் நாள் குறித்துக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். டெங்கிலில் இருந்த மாப்பிள்ளையின் தாயார் ஒரு மாலை எனக்கு அழைத்தார். நல்ல பெண்மணி, குரலில் எப்போதும் ஒரு தயக்கம்.

"கார் அழகா இருக்கும்மா. ஆனா ஓட்டுறவங்க… வீட்டுக்காரர் இல்லாதவங்களாமே. எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. நல்ல காரியம் பாரு."

நான் ஓர் இரவு முழுவதும் இதை எடைபோட்டேன். மறுத்துப் பேசினால் சம்பந்தி வீட்டோடு முதல் கசப்பு. அதன் விளைவைத் தங்கைதான் பல ஆண்டுகள் சுமப்பாள். வேறு கார் வைத்தால் அக்காவுக்கு அவமானம், தங்கைக்கு ஏமாற்றம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எனக்குத் தெரிந்தது. எப்படியும் டிண்டெட் ஒட்டத்தான் போகிறார்கள். ஓட்டுநர் பக்கத்துக்கும் முன் கண்ணாடிக்கும் நல்ல கறுப்பாக ஒட்டிவிட்டால் ஓட்டுவது யார் என்று வெளியிலிருந்து தெரியாது. முன் கண்ணாடிகள் எவ்வளவு இருட்டாக இருக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் அளவு உண்டு. அதை மீறுவோம் என்பதும் எனக்குத் தெரியும். கல்யாணக் காரைப் போலீஸ் நிறுத்தாது என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். மறுநாள் மாப்பிள்ளையின் தாயாருக்கு அழைத்து, அப்படியே செய்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. குளிர்ச்சிக்காக என்று சொல்லிக் கறுப்பைத் தேர்ந்தெடுக்க வைத்துவிடலாம் என்று நம்பினேன். யாரும் காயப்படாத தீர்வு என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேருவின் தொழிற்பேட்டைக்குள் இருந்தது கடை. ஒட்டுபவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். மெலிந்த ஆள், காதில் பென்சில். காரைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, "இது எங்க தாத்தா வயசு இருக்கும் போலயேக்கா" என்றார்.

"தாத்தாவுக்கும் வேர்க்கும்லா தம்பி. என்ன டிண்டெட் வெச்சிருக்க, காட்டு."

நான் முந்திக்கொண்டேன். "கறுப்பா இருக்கிறதுதான் நல்லா குளுமையா இருக்கும்னு சொல்றாங்க அக்கா."

சொன்ன கணத்திலேயே தவறு புரிந்தது. அவர் என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"யாரு சொல்றா?"

"பொதுவா… எல்லாரும்."

ஒட்டுபவர் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே சூடு கக்கும் ஒரு விளக்கு. முன்னால் கண்ணாடித் துண்டுகளைச் செருகும் சட்டம். முதலில் சாதாரணக் கறுப்புப் படலத்தைச் செருகி, எங்கள் இருவரையும் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். பிறகு ஏறக்குறைய நிறமே இல்லாத ஒரு துண்டைச் செருகினார். விளக்கின் வெளிச்சம் முழுதாக வந்தது. கையில் இளஞ்சூடு மட்டும்.

"கறுப்பு வெளிச்சத்தைத்தாங்கா தடுக்கும். சூட்டைத் தடுக்கிறது வேற சரக்கு. இங்க வர்ற முக்காவாசிப் பேரு இருட்டா இருந்தா குளுகுளுன்னு இருக்கும்னு நினைச்சு ஏமாறுறாங்க."

"கேட்டியா யூனிவர்சிட்டி? எல்லாரும் கையைச் சுட்டுக்கிட்டாங்க" என்ற அக்கா, தெளிவானதையே எல்லாக் கண்ணாடிகளுக்கும் ஒட்டச் சொன்னார்.

சோப்பு நீர் தெளித்து, படலத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் விரித்து அளவெடுத்து, உள்ளே ஒட்டி, ரப்பர் தகட்டால் நீரை வழித்து வெளியேற்றினார் அவர். பக்கக் கண்ணாடிகள் முடிந்தன. உருண்ட பின் கண்ணாடிக்கு வந்தபோது தயங்கினார். வளைவுக்கு ஏற்பப் படலத்தைச் சுருக்க, சூடான காற்றை ஊதும் கருவியைப் பிடிக்க வேண்டும். இத்தனை வயதான கண்ணாடி அதைத் தாங்குமா? உடைந்தால் மாற்றுக் கண்ணாடி கிடைக்காது. முதலாளி தன்னைத்தான் திட்டுவார் என்றார்.

"உடைஞ்சா நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லு. என் பேரைச் சொல்லு. எழுதிக் குடுக்கவா?"

எழுதியே கொடுத்தார். ஒட்டுபவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளையின் தாயார். நான் ஒதுங்கிப் போய்த் தாழ்ந்த குரலில் பேச முயன்றேன். கறுப்புதானே ஒட்டுகிறார்கள் என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னதும் அவர் குரல் உயர்ந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"மாப்பிள்ளையோட அம்மா. ஒண்ணும் இல்லக்கா, கொஞ்சம் யோசிக்கிறாங்க."

"நம்ம கார் பத்தியா? குடு."

கைப்பேசியை வாங்கி ஒலிபெருக்கியை அழுத்தினார். "வணக்கம்மா. நான்தான் கார் ஓட்டுறவ. என்ன விஷயம்?"

எதிர்முனையில் ஒரு திணறல். "ஐயோ, நீங்க தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாலு பேர் பேசுவாங்க, அதான்."

"எந்த நாலு பேரு?"

"இல்ல… சும்மா, பொதுவா நாலு பேரு."

"நாலு பேருன்னு கணக்கா சொல்றீங்களேம்மா. பேரு குடுங்க. நானே அவங்களுக்குப் போன் அடிச்சுப் பேசிக்கிறேன். அவங்க சரின்னா உங்களுக்குச் சரியா?"

"நான் எங்கம்மா வேணாம்னேன்?"

"அப்ப சொல்லுங்க. மொதல்ல யாரு?"

மேசையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்மணியும், சொல்லாமல் தப்பிக்க வழியில்லை என்று ஆனதும், சொல்ல ஆரம்பித்தார். ஒன்று, அவருடைய சொந்த அக்கா. இரண்டு, கேரி தீவில் இருக்கும் குடும்ப நண்பர் ஒருவர். மூன்று, கோயில் நிர்வாகத்தில் இருக்கும் கொழுந்தனார். எண்களையும் தந்தார்.

"மூணு ஆச்சு. நாலாவது?"

அக்கா ரசீதில் '4' என்று எழுதிக்கொண்டார். 

"நாலாவது… உங்க பக்கத்துல நிக்கிறாங்களேம்மா, பொண்ணோட அக்கா. அவங்கதான் சொன்னாங்க, முன்னாடி கறுப்பா ஒட்டிட்டா யாரு ஓட்டுறான்னு வெளிய தெரியாது, ஒரு பேச்சும் வராதுன்னு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ரசீதில் நான்காவதாக என் பெயரை எழுதினார். 'யூனிவர்சிட்டி' என்று எழுதவில்லை, முழுப்பெயர். "சரிம்மா, கொஞ்ச நேரத்துல பதில் வரும்" என்று கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்முடையதை எடுத்தார்.

முதல் எண்ணில் வந்த குரல் முதியது. அக்கா தம் வழக்கமான வாசகத்தைச் சொல்லி முடித்ததும் அந்தக் குரல் வெடித்தது. "நானா? நான் பேசுவேன்னா சொன்னா? அடி பாவி! என் வீட்டுக்காரர் போயே பல வருஷம் ஆச்சும்மா. மணவறை பக்கம் வராம ஓரமா உக்காருன்னு எனக்கே சாடை காட்டிட்டாளுங்க. நீ ஓட்டு தாயி. நான் மாப்பிள்ளை வீடா போயிட்டேன், இல்லன்னா உன் கார்லயே ஏறி வருவேன்."

இரண்டாமவர் கேரி தீவுக்காரர். "எந்தக் கல்யாணம்? எனக்குப் பத்திரிகையே வரலையே!"

"வந்துடும் அங்கிள். இன்னிக்கே சொல்லிடுறேன்."

"பாருங்க, பத்திரிகை வைக்கல, ஆனா என் பேரை மட்டும் இழுத்து விட்டிருக்காங்க!"

மூன்றாமவர், கோயில் நிர்வாகத்தில் இருந்தவர், மழுப்பவில்லை. சம்பிரதாயம் என்று ஒன்று இருக்கிறது, அதை உடைப்பது தனக்குப் பிடிக்காது என்று நேராகவே சொன்னார். அக்கா குறுக்கிடாமல் முழுதும் கேட்டார்.

"சொன்னதுக்கு நன்றிங்க. நீங்க ஒருத்தர்தான் சொந்த வாயால சொன்னீங்க. ஆனா நான் வருவேன். வாசல்ல நின்னு தடுப்பீங்களா?"

 "தடுக்கிறதா? நான் எதுக்கும்மா தடுக்கிறேன். எனக்கு உள்ள வேலை இருக்கும். வாசலுக்கு வர மாட்டேன்."

"அது உங்க இஷ்டம்."

ரசீதில் மூன்று பெயர்களையும் கோடு போட்டு அடித்தார். பிறகு எதையோ அழுத்தினார். பத்தடி தள்ளி நின்ற என் கையில் கைப்பேசி அதிர்ந்தது.

"அக்கா, நான் என்ன நினைச்சேன்னா—"

"போன எடுங்க. நேர்ல பேசாதீங்க."

எடுத்தேன். அவர் குரல் ஒரே நேரத்தில் காதிலும் எதிரிலும் கேட்டது. 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

"வணக்கம். கல்யாணக் கார் ஓட்டுறவ பேசுறேன். பொண்ணோட அக்காங்களா?"

"ஆமா."

"நான் ஓட்டினா பேசுற நாலு பேருல நீங்களும் ஒருத்தர்னு உங்க பேரு வந்திருக்கு. உங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்களை யாரும் புண்படுத்திடக் கூடாதுன்னுதான்…"

"என்னைப் புண்படுத்தக் கூடாதுன்னு என்னை ஒளிச்சு வெக்கப் பாத்தீங்க. அது காரணம். நான் கேட்டது ஆட்சேபம். இருக்கா, இல்லையா?"

அவர் எதிரில்தான் நின்றார். ஆனால் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடைபோட்ட விளைவுகளின் பட்டியலில், மறைக்கப்படும் ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்பது மட்டும் இடம்பெறவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல."

"லைன் சரியில்ல. சத்தமா."

ஒட்டுபவர் கருவியை அணைத்துவிட்டு எங்களையே பார்த்தார். வரிசையில் காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் திரும்பினார்கள்.

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல!" என்று கத்தினேன்.

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு என் பெயரையும் கோடு போட்டு அடித்தார். ரசீதை என் கையில் திணித்தார். "இனி டெங்கிலுக்கு நீயே பேசு. இங்க நின்னு, நான் கேக்கிற மாதிரி."

நான் அழைத்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் என்ன நினைக்கிறார்கள் என்றால் என்று தொடங்கும் என் வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "சம்பந்தியம்மா, அந்தக் கார்தான் வரும். அவங்கதான் ஓட்டுவாங்க. கண்ணாடி தெளிவாத்தான் இருக்கும். உங்ககிட்ட கறுப்புன்னு சொன்னது என் தப்பு. கேரி தீவு அங்கிளுக்கு இன்னும் பத்திரிகை போகலையாம், அதையும் பாத்துக்குங்க."

 மறுமுனையில் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சனிக்கிழமை காலையில ராகு காலம் வருது. அதுக்கு முன்னால பொண்ணு கோயில்ல இருக்கணும். அதையாவது அவங்ககிட்ட சொல்லும்மா."

"சொல்றேன்."

பின் கண்ணாடி உடையவில்லை. படலம் வளைவோடு வளைவாக ஒட்டிக்கொண்டது. ஒட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை. ஒட்டுபவர் விளிம்புகளைத் துணியால் ஒற்றிக்கொண்டே எச்சரித்தார்: "பசை காயணும்க்கா. மூணு நாளைக்குக் கண்ணாடிய இறக்கிடாதீங்க. அந்த முக்கோணத்தை மட்டும் வேணும்னா திறந்துக்கங்க."

அக்கா உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். வெளியே வெயில் தகரக் கூரைகளில் கொதித்தது. முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து, அந்த இடுக்கின் வழியாகச் சொன்னார்:

"நல்லதாப் போச்சு தம்பி. மூணு நாளைக்கு யாரு என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. என்னைப் பாக்கணும்னா நல்லா பாத்துக்கட்டும்."

என்னை ஏறச் சொல்லவில்லை. முன் இருக்கை வழியெல்லாம் காலியாகவே இருக்க, சாலையில் போன ஒவ்வொருவருக்கும் முகம் தெளிவாகத் தெரிய, அவர் மேருவிலிருந்து கிள்ளானுக்குத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார். நான் பஸ்ஸுக்காக நின்றேன்.